தம்பிக்கு மனநோய் என்றால்: வட சென்னையில் கூடப்பிறந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இது பெற்றோருக்காக எழுதியதல்ல. வீட்டில் ஒருவருக்கு மனச்சிதைவு (இல்லாத குரல் கேட்பது, வீண் சந்தேகம்), இருதுருவ மனநோய் (மனம் சில காலம் அளவுமீறி எழும்பும், சில காலம் சோர்ந்து விழும்) மாதிரி கடுமையான மனநோய் வந்தால் அம்மா அழுதுகொண்டிருப்பார், அப்பா "எல்லாம் திமிரு" என்பார். காலையில் லீவு போட்டுவிட்டு ஓபி சீட்டுக்கு வரிசையில் நிற்பது பெரும்பாலும் அக்காவோ அண்ணனோதான். எழுத வசதியாக ‘தம்பி’ என்றே போட்டிருக்கிறோம். அக்கா, அண்ணன், தங்கை யாராக இருந்தாலும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: ஒரு நாற்பது பக்க நோட்டு

டாக்டரிடம் தம்பி எதுவும் பேசமாட்டான். நீங்கள் பேசுவீர்கள். அரசு மருத்துவமனையில் கூட்டமான நாளில் கிடைக்கும் பத்து நிமிடத்தில் "ஒரு மாதிரியா இருக்கான் டாக்டர்" என்று ஆரம்பித்தால் பாதி நேரம் போய்விடும். அதனால் ஒரு வாரம் எழுதுங்கள். எத்தனை மணிக்குப் படுத்தான், எத்தனை மணிக்கு எழுந்தான், எத்தனை வேளை சாப்பிட்டான், குளித்தானா, வேலைக்குப் போனானா. அவன் சொன்னதை அவன் வார்த்தையிலேயே எழுதுங்கள். "சந்தேகப்படுகிறான்" என்று எழுதுவதைவிட "எதிர் வீட்டுக்காரன் செல்போன்ல என் மூளைய படிக்கிறான்னு சொன்னான், செவ்வாய் ராத்திரி" என்று எழுதினால் டாக்டருக்கு அதிகம் பயன்படும். கஞ்சா, மாவா, குடி, ‘வலி மாத்திரை’ என்ற பெயரில் தெருவில் ஓடும் போதை மாத்திரை இருந்தால் அதையும் எழுதுங்கள். மானம் போகிறது என்று மறைத்தால் மருந்து தப்பாகப் போகும். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா, தற்கொலை நடந்ததா என்பதைப் பெரியவர்களிடம் தனியாகக் கேட்டு முதல் பக்கத்தில் குறித்துவையுங்கள்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நோட்டுக்குக் காத்திருக்கக் கூடாது. நேற்றுவரை நன்றாக இருந்தவன் இன்று நாள், இடம், ஆள் எதுவும் தெரியாமல் உளறினால், கூடவே காய்ச்சல், வலிப்பு, தலையில் அடி இருந்தால், அதை உடம்பு வியாதியாக எடுத்துக்கொண்டு பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். தினமும் குடித்தவன் திடீரென்று நிறுத்தி இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, வியர்த்து, சுவரில் பூச்சி ஊர்கிறது என்றால் அதுவும் அப்படித்தான். இதைப் ‘பேய் பிடித்தது’ என்று ஒரு ராத்திரி வீட்டில் வைத்திருந்தால் உயிர் போகலாம்.

எங்கே போவது

திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, காசிமேடு, ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கம் இருப்பவர்களுக்கு ஓல்டு ஜெயில் ரோட்டில் இருக்கும் அரசு ஸ்டான்லி மருத்துவமனைதான் பக்கம். அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது. முதல் தடவைக்கு அங்கே போவதில் இன்னொரு லாபம் உண்டு. "சுகர் பாக்கப் போறோம்" என்று நூறு பேர் போகும் வாசலில்தான் நீங்களும் நுழைவீர்கள், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். வியாசர்பாடி, பெரம்பூர், புளியந்தோப்பு, ஓட்டேரிக்காரர்களுக்கு மேடவாக்கம் டேங்க் ரோட்டில் இருக்கும் அரசு மனநல காப்பகம் பக்கம். ‘கீழ்ப்பாக்கம்’ என்று ஊரே கேலி செய்யும் இடம் இதுதான். இடமென்னவோ அயனாவரத்தை ஒட்டி இருக்கிறது. 1794இல் தொடங்கிய நிறுவனம். வேறு இடத்தில் சமாளிக்க முடியாதவர்களைக்கூட உள்நோயாளியாகச் சேர்க்கும் வசதி அங்கே உண்டு. "கீழ்ப்பாக்கத்துல கொண்டுபோய் விட்டுடுவேன்" என்ற மிரட்டலை இன்றோடு வீட்டில் நிறுத்துங்கள். நாளைக்கு அங்கேயே போக வேண்டி வந்தால், மிரட்டினதை நிறைவேற்றுகிறீர்கள் என்றுதான் அவன் எடுத்துக்கொள்வான்.

கூட்டிப்போகிற நாளில் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். மாமா, சித்தப்பா, தெருப் பெரியவர் என்று ஐந்து பேர் போனால் கைது மாதிரி இருக்கும். ஆதார், ரேஷன் கார்டு நகல், பழைய சீட்டுகள், ஏற்கனவே ஏதாவது மாத்திரை போட்டிருந்தால் அதன் அட்டை, தண்ணீர், இரண்டு வாழைப்பழம் எடுத்துக்கொள்ளுங்கள். காத்திருக்கும் இடத்தில் பசியும் புழுக்கமும் சேர்ந்தால் எழுந்து போய்விடுவான்.

வரமாட்டேன் என்கிறவனை

"உனக்குப் பைத்தியம், டாக்டர்கிட்ட வா" என்றால் யாரும் வரமாட்டார்கள், நாமும் வரமாட்டோம். தனக்கு நோய் இருப்பதே தெரியாமல் இருப்பது இந்த நோயின் ஒரு பகுதி. பிடிவாதம் என்று நினைத்துத் திட்டுவது வீண். அவனே ஒத்துக்கொள்கிற ஒரு தொந்தரவைப் பிடியுங்கள். பெரும்பாலும் அது தூக்கம்தான்.

"டேய், நாலு நாளா தூங்கவே இல்ல. கண்ணு எப்டி இருக்கு பாரு. தூக்கத்துக்கு மட்டும் டாக்டர்கிட்ட கேட்டுட்டு வந்துரலாம், நானும் கூட வரேன்."

இதில் பொய் இல்லை. "கல்யாணத்துக்குப் போறோம்" என்று ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரி வாசலில் இறக்கினால் அன்றைக்குக் காரியம் நடக்கும். அதற்கப்புறம் நீங்கள் கூப்பிட்டால் கோயிலுக்குக்கூட வரமாட்டான். கொஞ்சமும் அசையாவிட்டால் 14416க்கு போன் போடுங்கள். டெலி மனஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம், 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. நோயாளி பேச வேண்டியதில்லை, குடும்பத்தில் ஒருவர் பேசி வழி கேட்கலாம்.

தாயத்து, மந்திரிப்பு, தர்கா, ஜெபக் கூட்டம் எதற்கும் நாங்கள் குறுக்கே நிற்கவில்லை. அம்மாவுக்கு அதில் தெம்பு வருகிறதென்றால் போய் வரட்டும். மாத்திரையை நிறுத்தச் சொல்கிற இடத்துக்கும், கட்டிப்போடுகிற இடத்துக்கும் மட்டும் வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6இல் ஏர்வாடியில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் செத்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த விதத்திலும் அனுமதிப்பதில்லை.

அந்தச் சட்டம் என்ன சொல்கிறது

‘கையெழுத்துப் போட்டுச் சேர்த்துவிடலாம்’ என்ற காலம் போய்விட்டது. 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தச் சட்டப்படி, ஒத்துக்கொள்கிறவர் தானாகவே சேரலாம், கேட்டால் போகலாம். ஒத்துக்கொள்ளாதவரைச் சேர்க்க, அவர் சார்பில் பேசும் ‘நியமனப் பிரதிநிதி’ விண்ணப்பிக்க வேண்டும். ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மனநலப் பணியாளரோ மருத்துவரோ தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும். தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் நிலையோ, தன்னைப் பார்த்துக்கொள்ளவே முடியாத நிலையோ இருக்க வேண்டும். முதலில் அதிகபட்சம் 30 நாள். ‘சொல் பேச்சு கேட்கவில்லை’ என்பதெல்லாம் காரணமாகாது.

அந்த நியமனப் பிரதிநிதியை ஒரு வெள்ளைத்தாளில் தம்பியே எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துக் கொடுக்கலாம். இதை அவன் தெளிவாக இருக்கும் மாதங்களில் செய்துவிடுங்கள். அப்படியே, எந்த மருந்து வேண்டாம், எந்த வைத்தியம் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கவும் சட்டத்தில் இடமுண்டு. நோய் முற்றிய ராத்திரியில் "யாரு பொறுப்பு?" என்று அப்பாவும் பெரியப்பாவும் சண்டை போடுவது இதனால் மிச்சமாகும்.

தெருவில் சுற்றுகிறான், அடிக்க வருகிறான் என்றால் ஸ்டேஷனுக்குச் சொல்லலாம். இந்த நிலையில் இருப்பவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியது போலீஸின் கடமை. லாக்கப்பில் வைக்கக் கூடாது. போன் செய்யும்போது "பொறுக்கித்தனம் பண்றான்" என்று சொல்லாமல் "மனநோயாளி, மருந்து நிறுத்தி இத்தனை நாள் ஆச்சு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்" என்று சொல்லுங்கள். கையில் ஓபி சீட்டு இருக்கட்டும்.

மாத்திரை

எங்கள் அனுபவத்தில் வீடு உடைவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறோம்.

ரிஸ்பெரிடோன், ஒலன்சபின், ஹாலோபெரிடால் மாதிரி மருந்துகள் தூக்கத்தையும் பதற்றத்தையும் சில நாளில் சரிசெய்யும். குரல் கேட்பது, சந்தேகம் எல்லாம் அடங்க நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். பத்தாம் நாள் "ஒண்ணும் ஆகலையே" என்று நிறுத்துவது முதல் தப்பு. மூன்றாம் மாதம் "நல்லாத்தானே இருக்கான்" என்று நிறுத்துவது இரண்டாவது தப்பு. அவன் நன்றாக இருப்பதே மாத்திரையால்தான். முதல் தடவை வந்த நோய்க்கே குணமான பிறகும் ஒன்று இரண்டு வருடம் தொடரச் சொல்வார்கள், திரும்பத் திரும்ப வந்தால் இன்னும் நீளும்.

அரசு மருந்தகத்தில் பல நேரம் சின்னக் காகிதக் கவரில்தான் மாத்திரை வரும். அங்கேயே நின்று கவரின் மேல் பெயர், அளவு, வேளை எழுதி வாங்குங்கள். வீட்டுக்கு வந்தால் இரண்டு வெள்ளை மாத்திரைக்கும் வித்தியாசம் தெரியாது. மெடிக்கலில் ஏழு அறை வைத்த டப்பா கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் தம்பியே அதில் நிரப்பட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். நிரப்பும்போது மிச்சம் எத்தனை என்று எண்ணினால் ‘போட்டுட்டேன்’ என்று சொன்னது எத்தனை நாள் உண்மை என்று தெரிந்துவிடும். சண்டைக்காக அல்ல, அடுத்த தடவை டாக்டரிடம் சொல்வதற்காக எண்ணுங்கள். சரியாகப் போடாதது தெரியாமல் டாக்டர் அளவைக் கூட்டிவிடுவார்.

கன்னத்தில் ஒதுக்கிவைத்துக்கொண்டு பின்னாடி போய்த் துப்புவது சாதாரணமாக நடக்கும். வாயைத் திறந்து காட்டச் சொல்லாதீர்கள். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு கொடுத்துவிட்டு ஐந்து நிமிடம் கிரிக்கெட் பேசுங்கள், அது போதும். அப்படியும் துப்பினால் நாவில் கரையும் மாத்திரையையோ, இரண்டு அல்லது நாலு வாரத்துக்கு ஒரு முறை போடும் ஊசியையோ டாக்டரிடம் கேளுங்கள். ஊசி நாளைத் தினசரி காலண்டரில் சிவப்பில் வட்டமிடுங்கள்.

ரசத்தில், டீயில் கரைத்துக் கொடுக்காதீர்கள். "சோத்துல ஏதோ கலக்குறாங்க" என்று ஏற்கனவே சந்தேகப்படுகிறவன், ஒரு நாள் டம்ளர் அடியில் வெள்ளை மாவைப் பார்த்தால் அவன் சந்தேகம் உண்மையாகிவிடும். பிறகு சோறும் சாப்பிடமாட்டான், மருந்தும் சாப்பிடமாட்டான்.

பக்க விளைவுகளில் தெரிந்துவைத்திருக்க வேண்டியவை சில. ஹாலோபெரிடால் மாதிரி மருந்து ஆரம்பித்த முதல் சில நாளில் கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும், நாக்கு தடிக்கும், கண் மேலே செருகும். பார்த்தால் வலிப்பு மாதிரி, செய்வினை மாதிரி பயமாக இருக்கும். உடனே அவசரப் பிரிவுக்குப் போனால் ஒரு ஊசியில் சரியாகும். உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருப்பதும் மருந்தின் வேலையாக இருக்கலாம். நோய் முற்றிவிட்டது என்று நினைத்துக் கூடுதல் மாத்திரை கொடுத்தால் இன்னும் மோசமாகும். ரிஸ்பெரிடோனால் பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போகும். விஷயம் தெரியாத வீட்டில் இதை வைத்து அந்தப் பெண்ணைப் பேசாத பேச்சு பேசிவிடுவார்கள். கர்ப்பமாகும் வயதில் இருக்கும் தங்கைக்கு, இருதுருவ நோய்க்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட் எழுதினால் அப்போதே கேள்வி கேளுங்கள், அது கருவைப் பாதிக்கும். ஒலன்சபின் பசியைக் கிளப்பும், எடையும் சர்க்கரையும் ஏறும். ஆரம்பத்திலேயே எடை, இடுப்பளவு, வெறும் வயிற்றுச் சர்க்கரை பார்த்து எழுதிக்கொண்டு, மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பாருங்கள். ராத்திரி பரோட்டாவையும் கூல்ட்ரிங்ஸையும் வீட்டில் எல்லோரும் சேர்ந்து குறைத்தால்தான் அவன் குறைப்பான்.

மற்ற மருந்துகள் கேட்காதபோது கொடுக்கும் குளோசபின் என்றால் முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தப் பரிசோதனை. காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றைக்கே ரத்தம் பார்க்க வேண்டும், மலச்சிக்கலையும் அலட்சியப்படுத்தக் கூடாது. இரண்டு நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவில் நீங்களாக ஆரம்பிக்கக் கூடாது. இருதுருவ நோய்க்குக் கொடுக்கும் லித்தியம் என்றால் தண்ணீரும் உப்பும் விஷயம். மே மாத வெயிலில் லோடு இறக்கும் வேலை, இல்லை வாந்தி பேதி என்றால் ரத்தத்தில் மருந்து ஏறும். கை அதிகமாக நடுங்கி, நாக்கு குழறி, தள்ளாடினால் அடுத்த மாத்திரை கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வாங்கிப் போடுவதும் அதே விளைவைத் தரும். எந்த மனநோய் மருந்தானாலும் கடும் காய்ச்சல், உடம்பு கட்டை மாதிரி விறைப்பு, குழப்பம் மூன்றும் சேர்ந்தால் 108.

பலருக்குத் தெரியாத ஒன்று பீடி, சிகரெட். புகை ஒலன்சபின், குளோசபின் இரண்டின் அளவையும் ரத்தத்தில் குறைக்கும். வார்டில் புகை இல்லாமல் நன்றாகி வந்தவன், வீட்டுக்கு வந்து ஒரு கட்டு பீடி பிடிக்க ஆரம்பித்ததும் பழையபடி ஆகலாம். திடீரென்று நிறுத்தினால் அளவு ஏறும். எதுவானாலும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கடலுக்குப் போகிறவன், கிரேன், லாரி ஓட்டுகிறவன் மருந்து ஆரம்பித்த வாரங்களில் அந்த வேலைக்குப் போகக் கூடாது. தூக்கக் கலக்கத்தில் விசைப்படகின் ஓரத்தில் நிற்பது நல்லதில்லை.

பத்துக்குப் பத்து அறையில்

தனி அறை கொடுங்கள், அமைதியாக வையுங்கள் என்று புத்தகங்களில் இருக்கும். ஹவுசிங் போர்டு வீட்டில் ஆறு பேர் படுக்கும் இடத்தில் தனி அறைக்கு எங்கே போவது? ஒரு மூலை போதும். அவன் பாய், அவன் பெட்டி, அதை யாரும் தொடுவதில்லை என்ற கட்டுப்பாடு. டிவி சத்தம் குறையட்டும். ராத்திரி பத்துக்கு மேல் அந்த மூலைப் பக்கம் லைட் போடாமல் இருக்கட்டும். இருதுருவ நோயில் தூக்கம் கெட்டாலே நோய் கிளம்பும்.

குரல் கேட்கிறது என்றால் ‘இல்லை’ என்று வாதாடாதீர்கள், ‘ஆமாம்’ என்றும் சொல்லாதீர்கள். "எனக்குக் கேக்கலடா. உனக்குக் கேக்குது, பயமா இருக்குல்ல? நான் இங்கயே இருக்கேன்." இவ்வளவுதான். ஹெட்போனில் பாட்டு, சத்தம் போட்டு எதையாவது படிப்பது, முணுமுணுப்பது சிலருக்கு அந்த நேரத்தைக் கடக்க உதவும். ஓயாமல் குறை சொல்வதும், வெறுப்பைக் காட்டுவதும், எல்லாவற்றையும் நாமே செய்துகொடுத்துக் குழந்தை ஆக்குவதும் நோய் திரும்பி வருவதைக் கூட்டும். "குளி" என்று பத்துத் தடவை சொல்வதைவிட வெந்நீர் வைத்து, துண்டைக் கொடியில் போட்டுவிட்டு ஒரு தடவை சொல்லுங்கள். சோம்பேறி மாதிரி படுத்தே கிடப்பதும் நோய்தான். குரல் அடங்கிய பிறகும் அது ரொம்ப நாள் இருக்கும். தண்ணி லாரிக்கு இரண்டு குடம் பிடிப்பது என்று ஒரே ஒரு வேலையை அவன் பேரில் வையுங்கள். வேலைப் பயிற்சி, மறுவாழ்வு வேண்டுமென்றால் அண்ணா நகரில் ஸ்கார்ஃப் (SCARF) என்ற மனநலத் தொண்டு நிறுவனம் இருக்கிறது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கியது.

தெருவில் எல்லோருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம். எதிர் வீடு, டீக்கடை, தெரு முனை ஆட்டோ ஸ்டாண்ட், இந்த மூன்று இடத்தில் நம்பிக்கையான ஒருவரிடம் மட்டும் சொல்லி உங்கள் நம்பரைக் கொடுங்கள். அவன் சட்டைப் பையிலும் ஒரு சீட்டில் நம்பர் இருக்கட்டும்.

திரும்பி வரும்போது

ஒவ்வொருவருக்கும் நோய் திரும்பும் வழி ஒன்று உண்டு, பெரும்பாலும் ஒரே வரிசையில் வரும். தூக்கம் குறையும், பிறகு சட்டை மாற்றமாட்டான், பிறகு ஜன்னலை மூடுவான். உங்கள் நோட்டில் போன தடவை வந்த வரிசையைப் பார்த்து, முதல் இரண்டு அடையாளம் தெரிந்ததும் ஊசி நாள் வரை காத்திராமல் போங்கள்.

மனநோயாளிகளில் பெரும்பாலோர் யாரையும் அடிப்பதில்லை. அடிக்கச் சொல்லிக் குரல் கேட்கும்போதும், மருந்தில்லாமல் குடியோ கஞ்சாவோ சேரும்போதும், முன்னாலேயே அடித்திருந்தாலும் கவனம் தேவை. மீன் கத்தி, அரிவாள்மனை கண்ணில் படாத இடத்துக்குப் போகட்டும். நீங்கள் கதவுப் பக்கம் உட்காருங்கள், அவன் வழியை மறிக்காதீர்கள். கை ஓங்கினால் குழந்தைகளோடு வெளியே வந்து 108ஐக் கூப்பிடுங்கள். வீரம் காட்டுகிற இடமில்லை அது.

"செத்துடலாம்னு தோணுதாடா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். எலி மருந்து, மண்ணெண்ணெய், ஒரு மாதத்து மாத்திரை எல்லாம் பூட்டுக்குள் போகட்டும். அன்றைக்கே டாக்டர். ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆன முதல் சில வாரங்களில் இந்த ஆபத்து அதிகம். ‘கேஸ் ஆகிவிடும்’ என்று மறைக்க வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே எடுத்துக்கொண்டு, அவருக்குத் தண்டனை கூடாது என்கிறது 2017ஆம் வருடச் சட்டம்.

உங்கள் பங்கு

‘எனக்கும் வருமா?’ என்று ராத்திரி யோசிப்பீர்கள், யாரிடமும் கேட்கமாட்டீர்கள். பொதுவாக நூறு பேரில் ஒருவருக்கு மனச்சிதைவு வரலாம். கூடப்பிறந்தவருக்கு இருந்தால் அது நூறில் ஒன்பது பத்து வரை போகும். அதாவது தொண்ணூறு பேருக்கு வராது. நீங்கள் கஞ்சாவைத் தொடாமல் இருப்பது நல்லது.

வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போவது ஒருவர், பணம் ஒருவர், மாதத்தில் இரண்டு ஞாயிறு அம்மாவுக்கு ஓய்வு கொடுப்பது ஒருவர். கல்யாணமாகிப்போன அக்காவால் நேரில் வர முடியாவிட்டால் போனில் மருந்து நாளை நினைவூட்டட்டும். எல்லாவற்றையும் ஒருவர் சுமந்தால் இரண்டாவது வருடம் அவரும் படுத்துவிடுவார்.

"கல்யாணம் பண்ணா சரியாயிடும்" என்பார்கள். ஆகாது. நோயை மறைத்துச் செய்த கல்யாணத்தை 1955ஆம் வருட இந்துத் திருமணச் சட்டப்படி கோர்ட்டில் ரத்துசெய்யக் கேட்கலாம். சொல்லிச் செய்கிற கல்யாணங்கள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன.

மாற்றுத்திறனாளிச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் வருகிறது, சலுகைகளுக்கு 40 சதவீதப் பாதிப்பு இருக்க வேண்டும். தன்னைப் பார்த்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை என்று நாலு விஷயத்துக்கு மார்க் போடுவார்கள், எத்தனை வருட நோய் என்றும் பார்ப்பார்கள். அன்றைக்கு "பரவால்ல சார், நல்லாத்தான் இருக்கான்" என்று கௌரவத்துக்குச் சொன்னால் மார்க் குறையும். யாராவது எழுப்பினால்தான் எழுந்திருக்கிறான், சொன்னால்தான் குளிக்கிறான் என்பதைச் சொல்லுங்கள். நோட்டையும் எடுத்துப்போங்கள். சான்று வந்ததும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் உதவித்தொகை பற்றிக் கேளுங்கள்.

கடைசியாகச் செய்ய வேண்டிய வேலையை எல்லோரும் தள்ளிப்போடுவார்கள். அம்மா அப்பா நடமாட்டமாக இருக்கும்போதே ஒரு சாயங்காலம் உட்கார்ந்து கேளுங்கள்: வீட்டுப் பத்திரம் யார் பேரில், தம்பி பங்கு என்ன, அதை அவனே விற்றுவிடாமலும் மற்றவர்கள் பிடுங்காமலும் உயில் எப்படி எழுதுவது, அவன் பேரில் பேங்க் கணக்கு இருக்கிறதா, அம்மாவுக்குப் பிறகு அவன் யார் வீட்டில் தூங்குவான். தம்பியையும் அந்தப் பேச்சில் உட்காரவையுங்கள். அவன் சொல்வதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.